கருங்கல் பலகையில் வைத்த கண்ணாடி

புதுக் கண்ணாடி வாங்கியது ஒரு திங்கட்கிழமை மாலை. அன்றைய நாட்குறிப்பில் நான்கே வரி இருக்கிறது: "புரோகிரஸிவ் கண்ணாடி வந்தாயிற்று. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றே போதும். தரை கொஞ்சம் ஆடுகிறது. இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்கிறார்கள்." அதற்கடுத்த நாட்களில் வரிகள் கூடிக்கொண்டே போகின்றன. இரண்டாவது வாரம் புதன்கிழமை வந்தபோது பக்கம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், ஆய்வு மேஜையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசலாகி வருகிற பீஸ்களை அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஒதுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. தலைமுடியில் பாதி கனம் கூடினாலும் குறைந்தாலும் அது ஒதுக்க வேண்டிய பீஸ். அதனால் எங்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை கண் டெஸ்ட் உண்டு. வெளியிலிருந்து டாக்டர் ஒருவர் வந்து, ஒரு முழம் தள்ளி ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆகச் சிறிய எழுத்து வரியை வாசிக்கச் சொல்வார். வேலையில் போடும் கண்ணாடியோடுதான் வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாதவர்கள் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும். சம்பளம் குறையாது. எனக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்தவர் அப்படித்தான் போனார். போன பிறகு அவர் எங்கள் அறைப் பக்கம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார்.

போன வருடம் அந்தக் கடைசி வரியில் நானும் தடுமாறினேன். இரண்டு எழுத்தை யூகித்துச் சொன்னேன். யூகம் சரியாக இருந்தது. அந்தப் பழைய கண்ணாடியின் பவர் இனிப் போதாது என்று தெரிந்துதான், இந்த வருட டெஸ்டுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகப் புதியது வாங்கினேன். பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன்.

கடை அம்பத்தூர் ஓ.டி. பக்கம். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். கடைக்காரர் பவர் பார்ப்பார், பில் போடுவார். பிரேமை முகத்துக்குப் பொருத்துவது பாரிவாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். அன்று அவர் என் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், சூடான காற்று ஊதும் மிஷினில் காட்டி வளைத்தார், மறுபடி மாட்டினார். ஐந்து முறை செய்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மூக்கில் விரல் வைத்து லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க மூஞ்சிக்குன்னு செட் பண்ணதுக்கா. ரெண்டு கையால கழட்டி ரெண்டு கையால மாட்டுங்க, போதும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை படி இறங்கும்போது கால் தேடியது. வேலையில் அளக்கும் கருவியின் டயல் நன்றாகவே தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் மேஜையின் விளிம்பு வளைந்தது. எதிர்பார்த்ததுதான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் அறையில் கருங்கல் பலகை ஒன்று இருக்கிறது. சர்ஃபேஸ் பிளேட் என்போம். எந்த மேஜையும் அதைப்போலச் சமமாக இருக்காது. ஒரு பொருள் நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதன்மேல் வைத்துப் பார்த்தால் போதும். முகம் கழுவுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தேன். அது ஆடியது. விரலால் தொட்டேன், மறுபடி ஆடியது. இரண்டு லென்ஸ்களின் அடியும் வலது காதில் மாட்டும் கையின் நுனியும் கல்லில் உட்கார்ந்திருந்தன. இடது காதுக்குப் போகிற கையின் நுனி மட்டும் அந்தரத்தில் நின்றது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை அடுக்கி அதன் அடியில் செருகிப் பார்த்தேன். இரண்டேகால் மில்லிமீட்டர்.

என் மேஜைக்கு வரும் பீஸில் இதில் நூறில் ஒரு பங்கு விலகினாலே ஒதுக்கிவிடுவேன். ஐந்து முறை வளைத்து, கடைசியில் இப்படிக் கோணலாகக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. பிறர் பிழையைக் கண்டுபிடித்த திருப்திதான் இருந்தது.

அன்று மாலை வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் எடுத்து, கண்ணாடியின் இடது கையைக் கீல் வரைக்கும் முக்கி, பிளாஸ்டிக் இளகியதும் கீழ்நோக்கி மெதுவாக வளைத்தேன். வியாழக்கிழமை காலை கல்லின்மேல் வைத்தபோது நான்கு இடமும் உட்கார்ந்தது. ஆட்டமே இல்லை. நாட்குறிப்பில் "பிரேம் கோணல் சரிசெய்யப்பட்டது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு டயலில் முள் இரண்டாகத் தெரிந்தது.

ஒன்று கறுப்பாக, அதை ஒட்டி இன்னொன்று சாம்பல் நிறத்தில். லென்ஸைத் துடைத்தேன். அப்படியே இருந்தது. வலது கண்ணை மூடினேன், ஒரே முள். இடது கண்ணை மூடினேன், அப்போதும் ஒரே முள். இரண்டையும் திறந்தால் சாம்பல் முள் திரும்பி வந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தால் கொஞ்சம் ஒன்று சேர்ந்தது. அன்று முழுவதும் அப்படிச் சாய்த்துக்கொண்டே வேலை செய்தேன். மாலையில் கழுத்திலிருந்து காதுக்குப் பின்னால் வரை வலித்தது.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். பொருத்தும் பெண் இல்லை. அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று திருவள்ளூர்ப் பக்கம் போயிருந்தார். கடைக்காரர் லென்ஸை மிஷினில் வைத்துப் பவர் பார்த்து, சீட்டோடு ஒப்பிட்டார்.

"பவர் கரெக்டா இருக்கு மேடம்."

"முள்ளு ரெண்டா தெரியுதுங்க."

அவர் கண்ணாடியை மேஜைக் கண்ணாடிமேல் வைத்தார். அது அசையாமல் நின்றது. "பாருங்க, எவ்ளோ நேரா நிக்குது. பிரேம்லயும் ஒண்ணும் இல்ல. புரோகிரஸிவ்னாலே அப்படித்தான் மேடம். பழகணும். எங்க மாமனாருக்கு ஒரு மாசம் ஆச்சு. சாம்பாரா ரசமான்னு தெரியாமயே சாப்ட்டுட்டிருந்தாரு."

"எனக்கு ஒரு மாசம் இல்லைங்க. ஒரு வாரந்தான் இருக்கு."

"பழகிடும் மேடம்" என்றார். அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கணக்குப் போட்டேன். பவர் சரி. பிரேம் நேர், அது எனக்கே தெரியும், கல்லில் வைத்துப் பார்த்தவள் நான். ஒரு பீஸில் பிழை என்றால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும், கருவி சரியென்றால் பீஸைச் சந்தேகிக்க வேண்டும். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே கருவி சரி. மிச்சம் இருப்பது என் கண்கள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது எதிரில் இருந்த அம்மாவின் மூக்குத்தி இரண்டாகி ஒன்றானது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மாலையில் பால்கனியில் பயிற்சி. செய்தித்தாளின் வரி விளம்பரங்களைச் சுவரில் ஒட்டி, முகத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர் இருக்கிறதா என்று என் கணவரை ஸ்கேல் பிடிக்கச் சொன்னேன். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்திருப்பார். சட்டைகூட மாற்றாமல் பிடிப்பார்.

"ரெண்டு படுக்கையறை, கார் நிறுத்தம், சைவம் மட்டும்" என்று வாசித்தேன்.

"மூணு படுக்கையறைம்மா."

"ரெண்டுதான் போட்டிருக்கு."

"கண்ணாடி போட்டா எல்லாம் ரெண்டாத்தான தெரியும் உனக்கு. நான் எத்தனை தெரியறேன்?"

"ஒண்ணுதான். அதுவே போதும்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்றுதான். அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணாஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்று கேட்டார். டெஸ்ட் முடியட்டும் என்றேன். உண்மையில் அங்கே என்ன சொல்வார்களோ என்று பயமாக இருந்தது. நோய்க்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் அது ஆஸ்பத்திரி அட்டையில் ஏறிவிடும். அந்த அட்டையைக் கம்பெனியில் கேட்பார்கள்.

திங்கள், செவ்வாய், புதன். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு பீஸையும் இரண்டு முறை, சிலவற்றை மூன்று முறை அளந்தேன். ஒரு நாளில் முடிக்கும் டிரேக்களில் இரண்டு குறைந்தது. என் பக்கத்து மேஜையில் இருக்கும் பெண் இரண்டு வருடம் முன்னால் வந்தவள், கெட்டிக்காரி. "என்ன மேடம், கழுத்து சுளுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் தன் பையிலிருந்து தைலம் எடுத்துக் கொடுத்தாள். சுளுக்கே இல்லாத கழுத்தில் அதைத் தடவிக்கொண்டேன்.

இரண்டாவது வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பணம் போனாலும் பரவாயில்லை, அதே பவரில் கிட்டத்தில் பார்ப்பதற்கு மட்டும் சாதாரணக் கண்ணாடி ஒன்று நாளைக்குள் செய்து தருவார்களா என்று கேட்கத்தான் போனேன். பொருத்தும் பெண் வந்திருந்தார். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததுமே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, கண்ணாடி கோணலா கீது?"

"கோணல் இல்லையே, நேராத்தான் இருக்கு" என்றேன்.

"வாங்க, உக்காருங்க." எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, இடது கையை வெளிச்சத்தில் பிடித்து, கீல் பக்கத்தில் நகத்தால் தடவினார். "இங்க யாரோ கை வெச்சிக்கிறாங்க. அண்ணே, நீ தொட்டியா?"

கடைக்காரர் கல்லாவிலிருந்தே, "நான் எதுக்கு தொடப்போறேன்? பவர்தான் பாத்தேன்" என்றார்.

"அப்போ யாரு?"

வேலையில் இதே கேள்வியை நான் மிஷின் ஓட்டுபவர்களிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். நானும் தரையைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றேன். கல் பலகை, தகடு, இரண்டேகால் மில்லிமீட்டர், வெந்நீர் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டார். இடையில் சிரிக்கவில்லை. முடிந்த பிறகுதான் சிரித்தார், நிறுத்த முடியாமல், கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு.

"அண்ணே, கேட்டியா? கல்லு மேல நேரா நிக்கலியாம். அக்கா, கல்லு மேல நேரா நிக்கணும்னா கல்லுக்கே மாட்டி உட்ருங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு?"

"நேரா இருந்தாத்தானே சரியா இருக்கும்?"

"உங்க மூஞ்சி நேரா கீதா?"

கடைக்காரர், "ஏம்மா, கஸ்டமர்கிட்ட" என்றார்.

"இன்னா தப்பா சொல்லிட்டேன்? யாருக்குண்ணே நேரா கீது, உனக்கு கீதா?" அவர் என்னிடம் திரும்பினார். "எடது காது உங்களுக்கு கொஞ்சம் மேல கீதுக்கா. வலது காது கீழ கீது. அதான் எடது சைட தூக்கி உட்டேன். தூக்கி உட்டாத்தான் முன்னாடி ரெண்டு கண்ணுக்கும் ஒரே மட்டமா உக்காரும். நீங்க அத இறக்கி வெச்சிட்டீங்க."

ஒரு பேனாவால் இரண்டு லென்ஸிலும் புள்ளி வைத்து, என் முகத்தில் மாட்டி, கைக்கண்ணாடியைக் கொடுத்தார். வலது புள்ளி கருவிழியின் நடுவில் இருந்தது. இடது புள்ளி மேலே ஏறி இமையோரத்தில் நின்றது. இந்த லென்ஸில் மேல்பாதி தூரத்துக்கு, கீழே போகப் போகக் கிட்டத்துக்கு. ஒரு கண் ஒரு இடத்தின் வழியாகவும் இன்னொரு கண் வேறு இடத்தின் வழியாகவும் பார்த்தால் முள் இரண்டாகத்தானே தெரியும். அவர் விளக்கவில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் கைக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தோரு வருடம் தினமும் சீவிப் பொட்டு வைத்த முகம். இடது காது மேலேதான் இருக்கிறது. ஒரு நாளும் கவனித்ததில்லை.

அவர் மிஷினில் சூடு காட்டி மறுபடி தூக்கிவிட்டார்.

"எவ்வளவு தூக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எவ்ளோன்னா?"

"மில்லிமீட்டர்ல."

"அதெல்லாம் தெர்லக்கா. மூஞ்சிய காட்டுங்க." மாட்டினார். கழற்றினார். இந்த முறை நான் எண்ணவில்லை. கடைசியில் சுவரில் தொங்கிய காலண்டரின் சிறிய எழுத்தைப் பார்க்கச் சொன்னார். ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் ஒற்றையாக நின்றன. "தரை இன்னும் ஆடும். அது பழகிக்கும். இது பழகற சமாச்சாரம் இல்ல. இனிமே கல்லு மேல வெக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க."

"வைக்க மாட்டேன்" என்றேன்.

கடையிலிருந்து இறங்கி ஆட்டோ நிற்கும் இடம் வரை நன்றாகத்தான் இருந்தேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்ற நினைப்பில், தேவையே இல்லாமல் ஒரு முழம் பூ வாங்கினேன். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் மறுபாதி உறைத்தது. கருவிதான் கோணல் என்றால், அந்தக் கருவியை வைத்து ஏழு வேலைநாள் நான் அளந்திருக்கிறேன். அளந்து கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டயலில் ஒரே முள். பக்கத்து மேஜைப் பெண், "சுளுக்கு போயிடுச்சா மேடம்?" என்றாள். அன்று சூப்பர்வைசரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டெஸ்ட் முடியட்டும் என்று இருந்தேன். என் கையெழுத்துப் போட்ட டிரேக்கள் பெரும்பாலும் ஸ்டோர்ஸில்தான் இருந்தன. லாரி இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான், அடுத்தது சனிக்கிழமை நான்கு மணிக்கு. நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அட்டையைப் பிடித்தார். வலது கண், இடது கண், பிறகு இரண்டும். கடைசி வரியை யூகிக்காமல் வாசித்தேன். அவர் தாளில் ஒரு டிக் போட்டு, "அடுத்தவங்க" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தாளோடு நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். தாளை வாங்கிப் பார்த்து, "சூப்பர் மேடம்" என்று ஃபைலில் வைக்கப் போனார்.

"சார், அத வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். கல் பலகை வந்த இடத்தில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஏழு நாள் என்றதும் முகம் மாறியது. மணியைப் பார்த்தார்.

"மேடம், நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் சார்."

"டெஸ்ட் முடியட்டும்னு இருந்தீங்களா?"

"ஆமா சார்."

அவர் ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டார். டிரேக்கள் திரும்பி வந்தன, அறையில் எல்லா மேஜைகளும் பங்கிட்டுக்கொண்டன. பக்கத்து மேஜைப் பெண்ணும் நானும் சாப்பிடாமல் அளந்தோம். நான் அளந்ததை அவள் பார்க்கவும், அவள் அளந்ததை நான் பார்க்கவும் செய்தோம். மூன்றரைக்கு முடிந்தது. நான் அனுப்பியவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. ஒதுக்கியவற்றில் பதினொன்று நல்ல பீஸ்கள். பயத்தில் இருந்தவள் சந்தேகம் வந்ததையெல்லாம் ஒதுக்கியிருக்கிறேன்.

"பதினோரு பேர அநியாயமா உள்ள போட்டுட்டீங்களே மேடம்" என்றார் சூப்பர்வைசர். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை ஒரு டிரே அவசரம் என்று வேனில் போயிருந்தது. அதில் என் கையெழுத்து.

"அது போயிடுச்சு. ஏதாவது வந்தா பாப்போம்" என்றார். குரலில் கோபம் இல்லை. "மேஜையில நீங்கதான் மேடம். ஆனா ஒரு மாசத்துக்கு உங்க ஒவ்வொரு டிரேயிலயும் ரெண்டு பீஸ பக்கத்து மேஜைல அவங்க மறுபடி அளக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நான் ஐந்து பீஸ் என்று சொல்லியிருப்பேன்.

இன்று பதினேழாவது நாள். தரை ஆடுவது நின்றுவிட்டது. படிகளில் கால் தேடுவதில்லை. கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றி நேராகப் பெட்டிக்குள் வைக்கிறேன். பக்கத்து மேஜைப் பெண் காலையிலும் மாலையிலும் என் டிரேயிலிருந்து இரண்டு பீஸ் எடுத்து அளக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் எடுக்கிறாள், பார்க்காமல் திருப்பி வைக்கிறாள். செவ்வாய்க்கிழமை போன டிரேயைப் பற்றி இதுவரை ஒன்றும் வரவில்லை. சூப்பர்வைசர் அறையில் போன் அடிக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. அவர் பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகு, கையில் இருக்கும் பீஸை முதலிலிருந்து அளக்கிறேன்.